ஊட்டுல யாருக்கு இருமல்

உக்காருங்க அம்மிணி. அந்தச் சாக்கைத் தள்ளிப்போட்டு ஸ்டூலை இழுத்துக்கோங்க. வாசப்படிக்கு வெளியவே உக்காருங்க, உள்ளார பூரா பஞ்சு பறக்குது. மூக்குல மாட்டியிருக்கறதைக் கழட்ட வேண்டாம். நா ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். இந்த நாலஞ்சு மாசத்துல எத்தனையோ பேரு என்னைப் பாத்து மூக்கை மூடியாச்சு.

மூணாவது தடவையா வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். போன தடவை ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளாரயே உக்காந்திருந்தேன். அதுக்கு முந்தின தடவை தண்ணிக்குப் போற மாதிரி கொடத்தைத் தூக்கிக்கிட்டுப் பின்பக்கமாப் போயிட்டேன். இன்னைக்கு நீங்க வண்டியை முக்குலயே நிறுத்திப்போட்டு நடந்து வந்துட்டீங்க. சரி, வந்ததுதான் வந்தீங்க, நா சொல்றதை முழுசாக் கேட்டுப்போட்டுப் போங்க. எல்லாரும் எங்கிட்டக் கேள்வி கேட்டாங்களே தவிர, நா சொல்றதை ஒரு ஆளு காது குடுத்துக் கேக்கலை.

கேள்வியும் ஒரே கேள்விதான். ஊட்டுல யாருக்காவது இருமல் இருக்குதா. இங்க மெயின் ரோட்டு டாக்டரு கேட்டாரு, கோயமுத்தூர் டாக்டரம்மா கேட்டாங்க, இப்ப சுகாதார ஆபீசுல இருந்து வந்திருக்கற நீங்க நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டுக் கேக்கறீங்க. காய்ச்சல் யாருக்கு வந்தது? புள்ளைக்கு. படுத்தது யாரு? புள்ளை. புள்ளையைப் பாருங்கன்னா, இருமறவளைத் தேடறீங்க.

லச்சு நா பெத்த புள்ளை இல்லீங்க. எங்கூட்டுக்காரரு தம்பி பூபதி, அவன் பொண்டாட்டி மேகலா, அவங்க புள்ளை. லக்‌ஷிதான்னு பேரு, நாங்க லச்சும்போம். நா பெரியம்மா. ஆனா அஞ்சு மாசத்துல எங்கைக்கு வந்துட்டா. மேகலா பனியன் கம்பெனியில ஓவர்லாக் தைக்கறா. காத்தால ஏழரைக்கு வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போச்சுன்னா, பொழுது சாஞ்சுதான் ஊடு. பூபதி டெம்போ ஓட்டறான். அப்புறம் புள்ளையை யாரு பாக்கறது? நாந்தான். சோறு ஊட்டறது, பீ மூத்திரம் அள்ளறது, மத்தியானம் தூங்க வெக்கறது எல்லாம் நாந்தான். அவ தலகாணியில படுக்க மாட்டா. எம்பட மாரு மேல குப்புறப் படுத்து, மூக்கை இங்க கழுத்துக்கிட்ட வெச்சுக்கிட்டாத்தான் தூக்கம். ரெண்டு வருசம் அப்படித்தான். முத முதல்ல அவ வாயில வந்த பேச்சு அம்மா இல்லீங்க. 'பெய்மா'. மேகலாவுக்கு அது வருத்தம். சொல்ல மாட்டா, மூஞ்சியில தெரியும். எனக்குக் கலியாணமாகி இருபத்தாறு வருசம். அதுக்கு மேல நா என்னத்தைச் சொல்ல.

இருமலுக்கு வர்றேன் இருங்க, அதுக்குத்தானே பேனாவை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இது பஞ்சு இருமல். பனியன் வெட்டறப்ப விழற துண்டுத் துணியை மூட்டை மூட்டையாக் கொண்டுவந்து இங்க எறக்குவாங்க. வெள்ளை தனி, கலரு தனியாப் பிரிச்சுக் குடுக்கோணும். இருபது வருசமா இதே வேலைதான். பஞ்சு நெஞ்சுக்குள்ள போகாம இருக்குங்களா? இந்தச் சந்துல வேஸ்ட் பிரிக்கற அத்தனை பொம்பளையும் இருமுவா. எனக்குப் பங்குனியில கொஞ்சம் சாஸ்தியாச்சு. மருந்துக் கடையில சொல்லி டானிக் வாங்கிக் குடிச்சேன். நிக்கறதும் வர்றதுமா இருந்தது. பொழுது சாஞ்சா மேலு கணகணங்கும், அது வெயில். ஒடம்பு எளைச்சிருக்குன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாரு, அது லச்சு கவலையில. என்னங்க பாக்கறீங்க? ஆமா, சித்திரையிலேயே ரெண்டு ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தெச்சேன். அப்ப லச்சு நல்லாத்தான் இருந்தா. சரி, அதை விடுங்க.

ஆடி மாசம். பதினெட்டாம் பெருக்குக்கு நாலு நாளைக்கு முந்தி லச்சு சோறு வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டா. ஒரு நாள் ரெண்டு நாள் புள்ளைங்க அப்படித்தான் பண்ணும். ஆனா வெளையாட்டும் இல்லை. கலர்த் துணியை வாரித் தலை மேல போட்டுக்கிட்டுச் சிரிக்கறவ, ஒரு மூலையில உக்காந்துக்கிட்டா. எறக்கி விட்டா அழுகை, தூக்கினாலும் அழுகை. சாங்காலமானா மேலு சுடும். மருந்துக் கடைக்குப் பக்கத்துல ஒரு டாக்டரு இருக்காரு, அவருகிட்டத் தூக்கிக்கிட்டு ஓடினேன். தொட்டுக்கூடப் பாக்கலை அம்மிணி. 'இப்ப எல்லாப் புள்ளைக்கும் வருது, வைரல்'னு சொல்லி ஒரு சிரப்பு எழுதிக் குடுத்தாரு. மூணு நாள் குடுத்தோம். காய்ச்சல் எறங்கும், மறுபடி ஏறும். திரும்பப் போனா அதே சிரப்பு, வேற டப்பா.

அப்புறம் மெயின் ரோட்டுல புள்ளைங்க டாக்டரு. பூபதி வண்டியை வெளிய நிறுத்திப்போட்டு அதுலயே உக்காந்துக்கிட்டான், நா மட்டும் புள்ளையோட உள்ளார போனேன். அவரு ரத்தம் எடுத்தாரு. டைபாய்டு மாதிரி தெரியுதுன்னு சொன்னாரு. அஞ்சு நாள் ஊசி. பச்சைப் புள்ளை, குண்டியில குத்திக் குத்திக் கல்லு மாதிரி ஆயிருச்சு. அஞ்சாம் நாள் வாந்தி. குடிச்ச பாலு குடிச்ச வேகத்துல வெளிய வந்துச்சு. திரும்பத் தூக்கிக்கிட்டுப் போனேன். அப்பத்தான் அந்த மனுசன் கேட்டாரு.

"ஊட்டுல யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்குதாம்மா? டி.பி. மருந்து யாராச்சும் சாப்பிட்டாங்களா?"

"இல்லீங்களே, யாருக்கும் இல்லீங்க"ன்னு சொன்னேன்.

பொய் இல்லீங்க அம்மிணி. அவரு கேட்டது அந்த இருமலு. எனக்கு இருக்கறது பஞ்சு இருமல். அது வேற, இது வேற. நா எதுக்குச் சம்மந்தமில்லாததைச் சொல்லி டாக்டரைக் கொழப்போணும்? வாயில புதினா மிட்டாய் ஒண்ணு போட்டிருந்தேன், அங்க போய் இருமி வெக்கக் கூடாதேன்னு. தொண்டையில வந்ததை ரெண்டு தடவை முழுங்கிக்கிட்டேன். அதுக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவரு நா அழுகறேன்னு நெனைச்சுக்கிட்டு, 'பயப்படாதீங்க, வயித்துக் கோளாறுதான், சரியாயிரும்'னு சொல்லி மருந்தை மாத்திக் குடுத்தாரு.

அந்த ஆளு மேலதான் எனக்குக் கோவம். படிச்சவருதானே? சந்தேகம் வந்தா ஒரு எக்ஸ்ரே எடுக்கலாமில்ல? நா இல்லைன்னு சொன்னா அப்படியே விட்டுர்றதா? எங்கிட்டக் கேட்டுத்தான் அவரு வைத்தியம் பாக்கோணும்னா, அவரு எதுக்கு, நா எதுக்கு?

அந்த வாரம் மேகலா ஆரம்பிச்சா. "அக்கா, எனக்கு இது சரியாப் படலை. நா லீவு போட்டர்றேன், கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கே தூக்கிக்கிட்டுப் போயிரலாம்"ன்னா.

"எதுக்கு? நீ வேலைக்குப் போறேன்னு அவளுக்கு ஏக்கம். அந்த ஏக்கத்துலதான் சோறு எறங்கலை. அத்தனாந்தூரம் அலைக்கழிச்சா இன்னும் துவண்டு போயிருவா"ன்னு நா சொன்னேன்.

"ஏக்கத்துக்கு வாந்தி வருமாக்கா?"

"பல்லு மொளைக்குது, கடவாப் பல்லு. அதுக்கு எல்லாந்தான் வரும்."

அவ எதுத்துப் பேச மாட்டா. அதுதான் அவகிட்ட இருக்கற கெட்ட பழக்கம். பேசியிருந்தா நாலு வார்த்தை சண்டை போட்டாவது தூக்கிக்கிட்டுப் போயிருப்பா. பேசாம வேன் ஏறிப் போயிட்டா. பெத்தவளுக்கு இல்லாத உரிமையா? எங்கிட்ட எதுக்கு வந்து கேட்டுக்கிட்டு நிக்கோணும்? பெரியவங்க சொன்னா கேட்டுக்கறதுதான், இல்லைங்கலை. ஆனா இதுலயுமா?

நா சும்மா இருக்கலை. பண்ணாரிக்குப் போற பூசாரி ஒருத்தரு நம்ம பக்கத்துல இருக்காரு, மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா புள்ளை அழுகையை நிறுத்திட்டா. எம்பட தோள்ல சாச்சா தூங்கறா. எறக்கிப் படுக்க வெச்சாலும் தூங்கறா. வெளிச்சம் பட்டா மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்குவா. ரெண்டு வாரம் நை நைன்னு அழுத புள்ளை தூங்குதுன்னா எத்தனை நிம்மதி. எம்மாரு மேல போட்டுக்கிட்டு நானும் தூங்கினேன். சந்துல எல்லாருகிட்டயும் சொன்னேன், லச்சுவுக்குத் தேவலை, தூங்கறான்னு.

அது தூக்கம் இல்லைன்னு கோயமுத்தூர்ல சொன்னாங்க. மூளைக்குள்ள தண்ணி கோத்துக்கிட்டு, அது அமுக்கி, அதனால வந்த மயக்கமாம். எனக்கு எப்படிங்க தெரியும்? புள்ளை தூங்கினா தூங்குதுன்னுதானே நெனைப்போம்?

ஞாயித்துக்கிழமை மேகலாவுக்கு லீவு. தண்ணி வாத்து விடறப்ப கூப்பிட்டா. "அக்கா, இங்க வாங்க. இவ கண்ணைப் பாருங்க." ஒரு கண்ணு மூக்குப் பக்கமாத் திரும்பியிருந்துச்சு. "சூரிய வெளிச்சத்துக்குக் கண்ணைச் சாய்க்கறா"ன்னு நா சொன்னேன். மேகலா புள்ளையைத் தொவட்டி நெழலுக்குக் கொண்டுபோய், மறுபடியும் பாத்தா. நா பாக்கலை. அடுப்புல வேலை இருந்துச்சு.

மறுநாள் காத்தால எட்டு மணி. மேகலா அன்னைக்கு வேன் ஏறலை. நா மடியில போட்டுப் பாலாடையில கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கேன், கை ஒரு பக்கம் வெட்டி வெட்டி இழுக்குது. வாயோரம் நொரை. கண்ணு மேல சொருகிக்கிச்சு. நா அப்படியே உக்காந்திருந்தேன். மேகலாதான் எங்கையில இருந்து புள்ளையைப் பிடுங்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடினா. பூபதி டெம்போவுலயே போட்டுக்கிட்டு ஒரே ஓட்டமாக் கோயமுத்தூரு. நானும் பின்னாடி மூட்டைங்களோட மூட்டையாத் தொத்திக்கிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியை நா குத்தம் சொல்ல மாட்டேன். போன ஒரு மணி நேரத்துல தலையைப் படம் எடுத்தாங்க. முதுகை வில்லு மாதிரி வளைச்சுப் பிடிச்சு, தண்டுல இருந்து தண்ணி எடுத்தாங்க. பூபதி பாக்க மாட்டேன்னு செவுத்தைப் பாத்து நின்னுக்கிட்டான். ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், எங்க எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாங்க.

"மூளையைச் சுத்தி இருக்கற சவ்வுல டி.பி. வந்திருக்குது. மருந்து இன்னைக்கே ஆரம்பிச்சர்றோம். ஒரு வருசம் விடாமக் குடுக்கோணும். தலையில தண்ணி சேந்திருக்கறதால குழாய் ஒண்ணு வெக்கோணும். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

நா விடலை. "எங்க பரம்பரையில யாருக்கும் அந்த நோவு இல்லீங்க. பொறந்தப்பவே ஊசி போட்டாச்சு, தோள்ல தழும்பு இருக்குது பாருங்க"ன்னு சட்டையை விலக்கிக் காட்டினேன்.

"ஊசி போட்டிருந்தாலும் சில கொழந்தைங்களுக்கு வரும்மா. பரம்பரையில வர்றது இல்லை இது. காத்துல வர்றது. இந்த வயசுக் கொழந்தைக்குப் பெரும்பாலும் கூடவே இருக்கற பெரியவங்க யாருகிட்ட இருந்தோதான் தொத்தும். ஊட்டுல யாருக்கு இருமல் இருக்கு?"

அந்த நேரம் பாத்து எனக்கு வந்துருச்சு. அடக்கப் பாத்தேன். அடக்க அடக்க சாஸ்தியாகுது. முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு இருமறேன், நிக்க மாட்டேங்குது. டெம்போவுல பின்னாடி உக்காந்து வந்த தூசி அம்மிணி, வேற என்ன? நிமிந்து பாத்தா மேகலா என்னைப் பாத்துக்கிட்டு இருக்கா. அந்த டாக்டரம்மாகூடத் தன்மையா, 'நீங்க ஒரு சளி டெஸ்ட் குடுத்துருங்கம்மா, படம் ஒண்ணு எடுத்துருவோம்'னு சொன்னாங்க. அதுகூட எனக்குப் பெருசாத் தெரியலை. மேகலா பாத்தா பாருங்க, அதை இன்னைக்கு வரைக்கும் நா மறக்கலை. ஏச்சுப் பேசியிருந்தா நானும் நாலு பேச்சுப் பேசியிருப்பேன்.

அன்னையில இருந்து டெஸ்ட் குடுக்காம வார்டுக்குள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. கீழ வேப்ப மரத்தடியில சிமிட்டிப் பெஞ்சு இருக்குது, அதுல பதினோரு நாள் உக்காந்திருந்தேன். பூபதி எறங்கி வந்து சொல்லுவான். இன்னைக்குக் குழாய் வெச்சாச்சு அண்ணி. இன்னைக்குக் கண்ணு முழிச்சா அண்ணி. ஒண்ணுக்கு செவப்பாப் போகுது, அது மருந்துதானாம் அண்ணி. 'என்னைக் கேட்டாளா?'ம்பேன். 'அவ இன்னும் பேசலை அண்ணி'ம்பான். என்னைத் தவிர எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. பூபதிக்கு இல்லை, மேகலாவுக்கு இல்லை, எங்கூட்டுக்காரரு ஒரு நாள் ஷிப்ட்டை விட்டுப்போட்டு வந்து குடுத்தாரு, அவருக்கும் இல்லை. பன்னண்டாம் நாள் அவருதான் என்னைப் பஸ் ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ஊட்டுக்கு வந்ததும் தன்னோட பாயை எடுத்துக் கொண்டுபோய் வாசல்ல போட்டுக்கிட்டாரு. காத்துக்காகன்னாரு.

ஐம்பத்து மூணு நாள் கழிச்சு டிஸ்சார்ஜ். இங்க வரலை. மேகலா நேரா அவங்க அம்மா ஊட்டுக்குப் பல்லடம் கொண்டுபோயிட்டா. வேலையையும் விட்டுப்போட்டா. அப்பக் கேட்ட லீவை இப்ப மொத்தமா எடுத்துக்கிட்டா. நா பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். கார்த்திகை தீபத்துக்கு அடுத்த நாள், லச்சுவுக்குப் பிடிக்குமேன்னு நேந்திரங்காய் சிப்ஸும், பூப் போட்ட கவுனு ஒண்ணும் வாங்கிக்கிட்டுப் பஸ் ஏறிப் போனேன்.

கேட்டை அவ தெறக்கலை அம்மிணி. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நா. இடுப்புல லச்சு. மொட்டைத் தலை. காதுக்குப் பின்னாடி தையல் போட்ட தழும்பு. தோலுக்கு அடியில குழாய் ஓடறது கழுத்து வரைக்கும் தெரியுது. வலது கை அப்படியே தொங்குது. 'லச்சு, பெய்மா வந்திருக்கேன்டா'ன்னு கூப்பிட்டேன். திரும்பலை. எதுத்த ஊட்டு மாட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. காது கேக்கலையா, என்னை மறந்துட்டாளா, ஒண்ணும் தெரியலை. மேகலாகிட்டக் கேக்க வாய் வரலை.

"அக்கா, ஒரு டெஸ்ட்டுதான்க்கா. நாங்க எல்லாரும் குடுத்தோம். மாமா குடுத்தாரு. உங்களுக்கு மட்டும் என்ன?"ன்னா.

"அப்ப நாந்தான்னு முடிவு பண்ணிப்போட்டியா?"

"நா அப்படிச் சொல்லலைக்கா. இருந்தா மருந்து சாப்பிட்டுக்கங்க. சாப்பிட்டுக்கிட்டே வந்தா கொஞ்ச நாள்ல மத்தவங்களுக்குத் தொத்தாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் நீங்களே வந்து இவளை வெச்சுக்கங்க. எனக்கும் ஒருத்தியா முடியலைக்கா. தெனம் கை காலை நீவி விடோணும், பயிற்சிக்குத் தூக்கிக்கிட்டு அலையோணும்."

பாத்தீங்களா? கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுப் பேசறா. ரெண்டு வருசம் வளத்தவளை. ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாளா? சிப்ஸுப் பொட்டணத்தையும் கவுனையும் கேட்டுல மாட்டிப்போட்டு வந்துட்டேன். பஸ்ஸுல அழுகைகூட வரலை. அத்தனை கோவம். அவ என்னென்னமோ சொன்னா, எனக்கு அந்தக் கேட்டுதான் தெரிஞ்சுது.

நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். இது குத்தம் கண்டுபிடிக்கற டெஸ்ட்டு இல்லை, மருந்து இலவசம், ஆறு மாசத்துல சரியாயிரும், யாருகிட்டயும் சொல்ல மாட்டோம். இதைத்தானே? இந்தச் சந்துக்கு ஊசி போட வர்ற நர்சுப் பொண்ணும் சொல்லிச்சு. எங்கூட்டுக்காரரு நோட்டீசு ஒண்ணு கொண்டுவந்து அடுப்படியில வெச்சுப்போட்டுப் போனாரு, அதுலயும் அதேதான். உங்களுக்கு இது ஒரு சளி, அவ்வளவுதான். துப்பினா எடுத்துக்கிட்டுப் போயி கண்ணாடி வழியாப் பாப்பீங்க. இருக்குன்னு சொல்லிப்போட்டீங்கன்னா? மருந்து நா சாப்பிட்டர்றேன், மருந்துக்கா பயப்படறேன். அந்த டாக்டரு கேட்டப்ப நா மிட்டாயை வாயில வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொன்னனே, அது என்னாகறது? மேகலா தூக்கிக்கிட்டுப் போலாம்னு சொன்னப்ப வேண்டாம்னனே, அது? மாரு மேல போட்டுக்கிட்டுத் தூங்கினேன் அம்மிணி. மூச்சும் மூச்சும் முட்டற மாதிரி. நீங்க டெஸ்ட் பண்ணாத வரைக்கும் இது பஞ்சுங்க. எனக்கு அது போதும்.

இருங்க. யாரோ கூப்பிடறாங்க.

ஓ, சுபத்ராவா. வா கண்ணு. எதுத்த லைன் ரூம்ல இருக்கறவங்க அம்மிணி, ஒடிசாக்காரங்க. அவளும் கம்பெனிக்குப் போறவதான், மத்தியான ஷிப்ட்டு. புள்ளையைப் பாத்துக்க ஆளில்லாம அல்லாடிக்கிட்டு இருந்தா. லச்சு இல்லாம எனக்கும் கை வெறுங்கையா இருந்துச்சு, ஐப்பசியில இருந்து நாந்தான் வெச்சுக்கறேன். பேரு ரோஷ்னி. பாருங்க, என்னைக் கண்டதும் எப்படித் தாவறான்னு. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு.

வேண்டாம் சுபத்ரா. குடுக்காத. அங்கயே நில்லு.

இன்னைக்கு வேண்டாம் கண்ணு. எனக்கு மேலுக்குச் சொகமில்லை. காய்ச்சல். புரியுதா? பீவர், பீவர். லேட்டாகுதுன்னு தெரியுது, நா என்ன பண்ணட்டும். கோடி ரூம்ல செல்வி இருப்பா, அவகிட்ட விட்டுப்போட்டுப் போ, நா சொன்னேன்னு சொல்லு. நாளைக்கா? நாளைக்கும் வேண்டாம். நா சொல்லி அனுப்பறேன். அதுவரைக்கும் கொண்டுவராத. அட, அது அழுதா அழுகட்டும், நீ தூக்கிக்கிட்டுப் போ. திரும்பிப் பாக்காமப் போ.

போயிட்டா.

நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம் அம்மிணி. இது பஞ்சு இருமல்தான், நா மாத்திச் சொல்லலை. காத்தால எந்திரிச்சு வாய் கொப்புளிச்சுப்போட்டுத் துப்போணும், அவ்வளவுதானே, நோட்டீசுல போட்டிருந்துச்சு. படிச்சேன். நாளைக்குக் காத்தால வாங்க, வண்டியை வாசலுக்கே கொண்டாந்து நிறுத்துங்க, நா எங்கயும் போக மாட்டேன்.

ஒண்ணு கேக்கறேன். அந்தக் குட்டிக்கு இப்பவே பாத்துப்போட்டா, நோவு மூளைக்குப் போகாதுங்களா? முன்னாடியே மாத்திரை குடுத்துத் தடுக்கலாம்னு அந்த நோட்டீசுல ஒரு வரி இருந்துச்சு. நெசந்தானுங்களா அது? மூணு மாசமாச்சு. அதுவும் எம்பட மாரு மேலதான் தூங்குது.

நோட்டை எடுங்க. முதல்ல அதும் பேரை எழுதுங்க. ரோஷ்னி, பதினோரு மாசம், எதுத்த லைன்ல நாலாவது ரூம். அவங்கம்மாவுக்குத் தமிழ் அத்தனை வராது, நீங்கதான் பொறுமையா எடுத்துச் சொல்லோணும். யாருகிட்ட இருந்துன்னு கேட்டா, சொல்லிருங்க.

எம்பேரை அதுக்குக் கீழ எழுதுங்க. மயிலாத்தாள். வயசு நாப்பத்தேழு. இருமல் பங்குனியில இருந்து.